சிமெண்டில் ஏறிய எறும்பு

போன மாதம் எனக்கு வைத்த பிரிவு உபசாரத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்து "எல்லாருக்கும் வணக்கம்" என்றது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் கைதட்டியதை வைத்துத்தான் பேச்சு முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். குவார்ட்டர்ஸ் பராமரிப்பு அலுவலகத்தின் புகார் மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவளுக்கு, அடுத்தவர் பேசக் கேட்டுத்தான் பழக்கம். அதனால் அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். பத்தாவது படித்தவள் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

குழாய் ஒழுகல், சாக்கடை அடைப்பு, கதவுக் கொண்டி, இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு சங்கதி. பூகம்பம் வந்த வருஷம், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி படுத்திருந்த கட்டிலுக்கு நேர் மேலே பரண் விரிசல் விட்டிருந்தது. அந்தப் பரணுக்கு நான் மூன்று வாரம் தொடர்ந்து "சரி" என்று டிக் போட்டேன். நான்காவது டிக்கும் போட்டிருந்தால், அந்த வீட்டை அப்புறம் யாரும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் ஜனவரியில்தான் குஜராத்தில் பெரிய பூகம்பம் வந்தது. புஜ் நகரத்தை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அடுக்குமாடி வீடுகள் அடுக்கிய தோசை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. எல்லாம் இடிந்த இடத்தில் ஒரு சுவர் மட்டும் நின்றது, அதில் ஒரு காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினோம். நம்ம ஊர் கெட்டியான மண், இங்கே எல்லாம் வராது என்று பேசிக்கொண்டோம்.

செப்டம்பரில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில், பாண்டிச்சேரிப் பக்கம் கடலுக்கடியில் பூமி அசைந்தது. சென்னையில் மாடி வீட்டுக்காரர்கள் தெருவுக்கு ஓடினார்களாம். கடலூரிலும் ஓடினார்களாம். எனக்குத் தெரிந்து நெய்வேலியில் ஒருவரும் ஓடவில்லை. நமக்குத்தான் சுரங்கத்தில் வெடி வைப்பதும், ஜன்னல் கண்ணாடி நடுங்குவதும், அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுப்பதும் பிறந்ததிலிருந்தே பழக்கமாயிற்றே.

"என்னா இது, இந்நேரத்துல வெடி வெக்கிறானுங்க" என்றார் என் கணவர்.

"மருந்த கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டாங்களோ" என்றேன்.

"போட்டுட்டானுங்க. ரசத்த ஊத்து."

பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் மைன்ஸுக்குப் போன் போட்டு, "பொண்டு புள்ளைங்க சாப்புடற நேரத்துல வெடிக்கிறீங்களே, இது நியாயமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து ஆள் "நாங்க வெடிக்கலைங்க" என்று சொல்லச் சொல்ல, இவர் நம்பவில்லை. அரை மணி நேரம் கழித்து டிவியில் நிலநடுக்கம் என்று எழுத்து ஓடியது. அப்புறம்தான் ஓடினோம். பூமி ஆடி முடித்து, அசதியில் தூங்கியும் போயிருக்கும். அந்த நேரத்தில் குழந்தை, குட்டி, நகைப்பெட்டி, ரேஷன் கார்டு சகிதம் ஊரே மைதானத்தில் கூடியது. நான் ரசச் சட்டியோடு நின்றிருந்தேன். ஏன் அதைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று இன்றுவரை புரியவில்லை. ஆனால் அங்கே இரண்டு பேர் அதை வாங்கிக் குடித்தார்கள்.

மறுநாள் காலை என் மேசைக்கு முன்னால் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. அதுவரை யாரும் தங்கள் வீட்டுச் சுவரை உற்றுப் பார்த்ததில்லை. அன்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள். காலண்டர் ஆணி அடித்த ஓட்டை, போன பொங்கலுக்கு உரிந்த சுண்ணாம்பு எல்லாமே பூகம்பத்தின் கணக்கில் வந்தன. ஒருவர் சமையல் மேடைக்கு அடியில் பெரிய வெடிப்பு என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் ஒட்டடை. விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்து அந்தப் புகாரை அங்கேயே முடித்தேன்.

இத்தனை விரிசலில் எது பழசு, எது வளர்கிறது என்று கண்டுபிடிக்க இன்ஜினியர் ஒரு ஏற்பாடு செய்தார். விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் சுவரில் பிடிக்கச் செய்வது. சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதியைக் கீறுவது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒட்டுவது கொத்தனார் அண்ணன், குறிஞ்சிப்பாடிக்காரர். தேதி கீறுவதும், வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பார்த்து ரிஜிஸ்தரில் டிக் போடுவதும் நான். நான்கு வாரம் கண்ணாடி முழுசாக இருந்தால் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் விரிசல் வளரும் வீட்டுக்காரர்களுக்கு, டவுன்ஷிப்பில் புதிதாகக் கட்டிய குடியிருப்புப் பகுதியான புது வட்டத்தில் மாற்று குவார்ட்டர்ஸ் என்று யாரோ பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். புது வட்டத்து வீடுகளில் இரண்டு பாத்ரூம். அவ்வளவுதான். முதல் வாரமே பாதி வீடுகளில் கண்ணாடி உடைந்திருந்தது.

ஒரு வீட்டில் கண்ணாடியும் இல்லை, பிடித்திருந்த சிமெண்டும் இல்லை.

"எங்கங்க?" என்று கேட்டேன்.

"பூமி இழுத்துக்கிச்சும்மா" என்றார் வீட்டுக்காரர்.

இன்னொரு வட்டத்தில் மாடியில் குடியிருந்த ஃபிட்டர் வீட்டில் ஒவ்வொரு வாரமும் கண்ணாடி தூள் தூளாகியிருந்தது. "நாங்க தூங்கிக்கினு இருக்கறப்ப டமார்னு ஒரு சத்தம்" என்பாள் ஃபிட்டர் மனைவி. கொத்தனார் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொல்வார். "சொவரு ஒடச்சா முடி மாதிரி ஒரு கோடு வுடும். துண்டு ரெண்டும் வுழாம ஒட்டிக்கினு இருக்கும். இது நடுவுல பொட்டு வெச்ச மாதிரி குழி. அம்மிக் குழவி ஒடச்சது." சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணாடி ஒட்டுவார். அலுவலகத்தில் சூபர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்த ஊர்ல யோக்கியமான சுவரு ஒண்ணாவது இருக்காம்மா" என்று கேட்பார்.

இருந்தது. ஃபிட்டர் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. இரண்டுக்கும் நடுவே மாடிப்படி முடியும் இடம் மட்டும்தான். விசாலாட்சி அக்காவும் அவர் கணவரும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பூகம்பத்துக்கு மறுநாள் வந்து படுக்கை அறைப் பரணின் அடியில் விரிசல் என்று புகார் எழுதிப் போனவர் அக்காவின் கணவர். அதற்கும் அடுத்த நாள் அக்காவே வந்தார்.

"அவுக அவசரப்பட்டுட்டாக. எழுதுனத அடிச்சிரும்மா."

"எழுதினத அடிக்க முடியாதுங்கக்கா."

அக்கா போய்விட்டார். தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஊரே புகார் எழுத வரிசையில் நின்ற நாளில் ஒருத்தி புகாரை அடிக்க வந்தாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

அக்கா வீட்டுக் கண்ணாடி முதல் வாரமும் முழுசு, இரண்டாம் வாரமும் முழுசு, மூன்றாம் வாரமும் முழுசு. மற்ற வீடுகளில் எல்லாம் என்னிடம் சண்டை. அங்கே மட்டும் "உக்காரும்மா" என்று மின்விசிறியைப் போட்டு மோர் கொடுப்பார். கூச்சத்தில் நான் உட்காரவே மாட்டேன், நின்றபடியே குடித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து டிக் போட்டுவிட்டு வருவேன். போதாததற்கு சூபர்வைசரிடம் பெருமையாக, "அந்த வீட்டப் பாருங்க சார், ஒரு தரம்கூட ஒடயல" என்று வேறு சொன்னேன்.

நான்காம் வாரம் போனேன். கொத்தனார் அண்ணன் கீழ் வீட்டில் வேலையாக இருந்தார். அக்காவின் மகள் கவிதா பூகம்பத்துக்கு முன்பே பிரசவத்துக்கு வந்திருந்தாள், இப்போது ஒன்பதாம் மாதம். பரணுக்குக் கீழே கட்டிலில் சாய்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பரண் மேலே அண்டா, தவலை, குத்துவிளக்கு என்று வீட்டிலுள்ள பித்தளை முழுக்க இருந்தது. அன்று மோரில் உப்பு அதிகம். தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்தது, என் முகத்தைப் பார்த்து அக்காவே தண்ணீர் எடுக்க உள்ளே போனார், அவர் வருகிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுவரில் எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் தொடங்கி, நேராகச் சுவர் ஏறி, பரணடிக்குப் போய், நாங்கள் வைத்த சிமெண்டில் முடிந்தது. திரும்பி வருகிற எறும்பெல்லாம் வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்தது.

சிமெண்டை எறும்பு தின்னுமா? ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். கட்டைவிரல் நகத்தை அந்தச் சிமெண்டில் அழுத்தினேன். நகம் இறங்கியது. வெந்நீரில் பிசைந்த அரிசி மாவு. நிறத்துக்கு வெந்நீர் அடுப்புச் சாம்பல். ஆணியால் தேதி கூடக் கீறியிருந்தது.

திரும்பினால் அக்கா செம்போடு நிற்கிறார்.

"கண்டுபிடிச்சிட்டியா?" கோபமே இல்லை. "எறும்புப் பொடி போடணும்னு நேத்தே நெனச்சேன்."

"எத்தன தரம்கா ஒடஞ்சுது?"

"மூணு தரம். ஒவ்வொரு தரமும் சாமி படத்துக் கண்ணாடியில ஒரு துண்டு எடுத்து ஒட்டுனேன். இனி முருகனுக்குக் கண்ணாடி இல்ல."

கவிதா கட்டிலிலிருந்து, "மாவு பெசயறத பாத்தேன்கா. கொழுக்கட்டைக்கின்னு நெனச்சு மூணு வாரமா காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அடுத்த நொடி, அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். அதிலும் ஒரு கோடு ஓடியிருந்தது. முடி மாதிரி. இரண்டு துண்டும் விழாமல் ஒட்டியிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "கவிதா, கொஞ்சம் கூடத்துல வந்து உக்காரும்மா" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவள் உடனே எழுந்து வந்தாள்.

அக்கா என்னை ஓரமாக இழுத்துப் போனார். "பதினஞ்சு நாள் பொறுத்துக்கம்மா. டிக் போட்டுட்டுப் போ."

"பரண் வுழுந்துடும்கா."

"போன தடவை திருச்சியில அவ அஞ்சாம் மாசத்துல வாடகை வீடு மாத்துனாக. தங்கல. மாசமா இருக்கவ வீடு மாறக் கூடாதுன்னு தெரிஞ்சும் அன்னைக்கு நான் வாயத் தொறக்கல. இன்னொரு தடவை என்னால முடியாது."

"வேற ரூம்ல படுக்க வெச்சா?"

"அந்த ரூமுக்கும் கூடத்துக்கும் இந்தச் சுவருதானம்மா."

உண்மைதான். என் வேலை என்னவோ சுலபம். ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு இறங்கிப் போனால் சூபர்வைசர் வந்து சத்தம் போடுவார், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். கடிதம் வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதுவரை அக்கா கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மாவு பிசைவார். மூடநம்பிக்கை என்று நான் சொல்லலாம். ஒரு பேரக்குழந்தையை இழந்தவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நானும் முழுகாமல் இருந்தபோது வீடு மாறவில்லை.

வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அக்கா, வூடு மாறுறதுன்னா என்னாக்கா?"

"என்னன்னா? சாமான் தூக்கணும், பால் காய்ச்சணும்."

"பால் காய்ச்சாம, சாமானும் தூக்காம போனா?"

"அது குடி போறதா? விருந்தாடி போறது." சொல்லிவிட்டு அக்கா வாயை மூடிக்கொண்டார். நான் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

பேச்சு வராதவள் நான். அன்று போய்த் தட்டினேன். ஃபிட்டர் மனைவி திறந்தாள். விஷயத்தைச் சொன்னேன். இவளுக்குக் குழந்தை பிறக்கிறவரை உங்கள் வீட்டில் விருந்தாளியாக இருக்க வேண்டும் என்றேன். உள்ளேயிருந்து ஃபிட்டரே வந்துவிட்டார்.

"எங்க வூட்லயாங்க? எங்க வூடே எப்ப வுழும்னு தெரியல. மூணு வாரமா கண்ணாடி ஒடயுது. புள்ளத்தாச்சிய வெச்சிக்கிற அளவுக்கு இது ஸ்ட்ராங்கா இல்லீங்க. நீங்களே எழுதியிருக்கீங்களே."

அவர் கவலை எனக்குப் புரிந்தது. கர்ப்பிணியை உள்ளே விட்டால் வீடு பலமானது என்று ஆகிவிடும். அப்புறம் புது வட்டம் ஏது, இரண்டாவது பாத்ரூம் ஏது? அவர் மனைவி அவரையும் பார்த்தாள், என் பின்னால் வயிற்றைப் பிடித்தபடி நின்ற கவிதாவையும் பார்த்தாள்.

"யோவ், மூணு வாரமா கொழவியால குத்துன. கொழவி மூளியாச்சு, சொவரு அசஞ்சுதா? இதுக்கு மேல என்னாய்யா ஸ்ட்ராங்கு வேணும்?" என்றாள். "நீ உள்ள வா கண்ணு. இந்தாளு வெளிய படுத்துக்கட்டும்."

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்தரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அதுதான் மரியாதையாக இருந்தது.

கவிதா கையில் பாதிக் கொய்யாப்பழத்தோடு எதிர் வீட்டுக்குப் போனாள். பை கிடையாது, தலையணை கிடையாது. விருந்தாளி என்றால் வெறுங்கையோடுதான் போக வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாற்றுப் புடவையை ஃபிட்டர் மனைவி கொடுத்தாள்.

கீழே ஓடி கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டேன். சூபர்வைசருக்கும் ஆள் அனுப்பினேன். சூபர்வைசர் "மாவா? மாவையா டிக் பண்ண?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார். கொத்தனார் அண்ணன் மாவைச் சுரண்டிவிட்டு விரிசலில் விரலை விட்டார். விரல் போனது. "முதல்ல முட்டு, அப்புறம் சாமான்" என்றார். சவுக்குக் கழிகளை அளந்து வெட்டிப் பரணுக்கு அடியில் நிறுத்தினார். உச்சியில் நாலு விரல் அளவு இடைவெளி இருந்தது. அதில் பலகை செருகுவதற்காகக் கையைத் தூக்கினார். பரண் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கரக் என்று ஒரு சத்தம். நாலு விரல் இறங்கி, கழிகளின் மேல் வந்து உட்கார்ந்தது. மேலே அண்டா ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கட்டிலின் மேல் சுண்ணாம்பும் மண்ணும் கொட்டியது, தலையணை இருந்த பக்கமாக.

சூபர்வைசர் ரிஜிஸ்தரை என் கையிலிருந்து வாங்கினார். நான் போட்டிருந்த மூன்று டிக்கையும் பார்த்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். குழந்தை பிறந்தது, பெண். தாயும் சேயும் சுகம். சுவரைப் பிரித்துக் கட்டி முடிக்கிறவரை அக்கா குடும்பம் எதிர் வீட்டில் விருந்தாளியாகவே இருந்தது. அடுப்பைத் தொட்டால் குடி வந்ததாகிவிடும் என்பதால் அக்கா சமையல் கட்டுப் பக்கமே போகவில்லை. ஃபிட்டர் மனைவி அதன் வாசலிலேயே நின்று காவல் காத்தாள். "சாம்பார்ல புளி தூக்கலா இருக்கு. சொல்ல முடியல. விருந்தாடில்ல நான்" என்று அக்கா என் காதில் புலம்பினார். ஃபிட்டருக்குப் புது வட்டம் கிடைக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல, அன்றைய பொழுது. பரண் இறங்கிய பிறகு அக்கா அந்த அறை வாசலில் நின்று கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இன்னும் எத்தன வீட்டுல என்னைய மாதிரி மாவு பெசஞ்சிருக்காளுகளோ, பாத்தியா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. உடைந்த கண்ணாடிகளை மட்டும்தான் குனிந்து குனிந்து பார்த்தேன். முழுசாக இருந்ததெல்லாம் தூரத்திலிருந்தே சரி. உங்கள் போனில் இன்றைக்கு எத்தனை புகார் வந்தது என்று காட்டுகிறது. எந்த வீட்டில் புகார் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று அது காட்டாது. கத்துகிறவர் வீட்டுச் சுவர் பெரும்பாலும் நிற்கும், அவருக்குக் கத்துவதற்குத் தெம்பு இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வருகிறவரை உட்கார வைத்து, ஏன் வேண்டாம் என்று கேளுங்கள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நான் டிக் போட்டிருந்த வீடுகளை மட்டும் ரிஜிஸ்தரில் எண்ணி, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதல் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"பராமரிப்பு ஆபீஸ்லேந்துங்க. செவுரு பாக்க வந்தேன்."

"எங்க வூட்ல ஒண்ணும் பிரச்சன இல்லீங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.